பீட்டர்ஸ்பர்க் முற்றுகை ஒன்பது மாதம் நீடித்துவிட்டு, கடைசியில் ஒரே வாரத்தில் முடிந்தது எப்படி?

ஓர் ஊரைச் சுற்றி வளைத்து, சோறும் மருந்தும் போகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் முற்றுகை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென்தரப்பின் தலைநகரான ரிச்மண்டுக்கு உணவு கொண்டுபோன ரயில்பாதைகள் பீட்டர்ஸ்பர்க்கில்தான் கூடின. அதனால் 1864 ஜூனில் வடதரப்பின் தலைமைத் தளபதி கிராண்ட் அங்கே வந்து உட்கார்ந்தார்.

அவர் சுவரை இடிக்கவில்லை, பதுங்குகுழி வரிசையை மேற்கே நீட்டிக்கொண்டே போனார். ஆள் குறைந்த தென்தரப்புத் தளபதி லீயும் ஈடுகொடுத்து நீட்ட வேண்டியதாயிற்று. சின்னப் போர்வை கதைதான்: தலையை மூடினால் கால் தெரியும்.

1865 மார்ச் 25 அன்று வடதரப்பு வசமிருந்த ஸ்டெட்மன் கோட்டையைத் தாக்கித் தப்பிக்கப் பார்த்தார் லீ. காலையில் பிடித்த கோட்டை சில மணி நேரத்திலேயே கைநழுவியது. ஏப்ரல் 1, ஃபைவ் ஃபோர்க்ஸ் என்ற சாலைச் சந்திப்பு. அதுதான் உண்மையான திருப்பம் என்பேன். அங்கே காவலுக்கு நின்ற லீயின் தளபதி பிக்கெட், வடதரப்புத் தளபதி ஷெரிடனின் படை பாய்ந்தபோது சற்றுத் தள்ளி மீன் விருந்தில் இருந்தார்! கடைசி ரயில்பாதைக்கு வழி திறந்துவிட்டது. மறுநாள் விடியலில் கிராண்ட் எல்லாப் பக்கமும் தாக்க, லீயின் வரிசை கிழிந்தது, அவருடைய தளபதி ஏ. பி. ஹில் இறந்தார். கிரெக் கோட்டையில் தென்தரப்பின் ஒரு சிறு கூட்டம் பிடிவாதமாக நின்றதால்தான் லீ இரவோடு இரவாக வெளியேற முடிந்தது. ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் சரணடைந்தார்.

ஊர் நாலாபுறமும் அடைபட்டிருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கடைசிவரை ஒரு பக்கம் திறந்தேதான் இருந்தது.