ஓமந்தூரார் ஜமீன்தாரா?

வணக்கம். ஊர் மலருக்கான கட்டுரையில், சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரை ‘ஜமீன்தார்’ என்று நீங்கள் எழுதியதற்குப் பெரியவர் ஒருவர் மறுப்புத் தெரிவித்ததாகக் கூறியிருந்தீர்கள். பெரியவர் சொன்னதே சரி. அச்சுக்குப் போகும் முன் அந்தச் சொல்லை அவசியம் நீக்கிவிடுங்கள்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் வேளாண் குடும்பத்தில் பிறந்த அவர், நிலமுடைய விவசாயி. 1802ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிகளிடம் வரி வசூலித்து, அதில் ‘பேஷ்குஷ்’ என்ற நிர்ணயிக்கப்பட்ட தொகையை அரசுக்குச் செலுத்தியவரே ஜமீன்தார். ரயத்துவாரி என்ற நேரடி வரிமுறையில் வந்த பட்டாதாரரோ தம் பெயரிலுள்ள நிலத்துக்கான தீர்வையை இடையில் எவருமின்றி நேரே அரசுக்குக் கட்டினார். உங்கள் வீட்டில் பழைய கிஸ்து (நிலவரி) ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள்: பட்டா எண், பசலி எனப்படும் வருவாய்க் கணக்கு ஆண்டு, கர்ணத்தின் (கிராமக் கணக்கரின்) கையொப்பம் ஆகியவற்றோடு அந்த நேரடி உறவு கண்முன்னே நிற்கும்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை அவர் தலைமை வகித்த அரசுதான், ஜமீன்களை ஒழித்து அந்த நிலங்களை ரயத்துவாரியாக மாற்றும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவரையே ஜமீன்தார் என்று எழுதினால் அவருடைய மிகப் பெரிய பணியின் பொருளே திரிந்துவிடும். ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் 1947இல் அவர் ஆட்சியில் நிறைவேறியவையே.

இன்னொன்று: அவர் பதவியேற்றபோது அப்பதவியின் பெயர் ‘பிரதமர்’. எனவே ‘சென்னை மாகாணப் பிரதமர்’ என்று எழுதி, முதலமைச்சருக்கு இணையான பதவி என ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.