நீளக் கீல் பாய்மரப் படகு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, பெரும்பாலான பாய்மரப் படகுகளின் அடியிலும் நீருக்குள் இறங்கும் கீல் என்ற பகுதி உண்டு. பிறகு எதை மட்டும் நீளக் கீல் படகு என்கிறீர்கள்?

பதில்: இன்றைய படகுகளில் பெரும்பாலானவற்றின் கீல், தட்டையான அடிப்பகுதியின் நடுவே போல்ட் போட்டுப் பொருத்தப்பட்ட, குறுகி ஆழமாக இறங்கும் ஒரு தனி உறுப்பு; சுக்கானும் அதிலிருந்து விலகிப் பின்னால் தனியே நிற்கும். நீளக் கீல் படகிலோ உடலே கீழ்நோக்கிக் குவிந்து கீலாகிவிடுகிறது. முன்முனைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கிப் படகின் பின்பகுதி வரை ஓடும் அந்தக் கீலின் கடைசி விளிம்பிலேயே சுக்கான் மாட்டப்பட்டிருக்கும். 1942இல் சுவீடனில் உருவான ஃபோக்போட் இதற்கு நல்ல உதாரணம்: நீளம் 7.68 மீட்டர், நீரில் மூழ்கும் ஆழம் 1.2 மீட்டர், மொத்த எடை ஏறத்தாழ இரண்டு டன். அதில் பாதிக்கு மேல் கீலில் உள்ள இரும்புதான்.

கேள்வி: இந்த வடிவம் யாருடைய கைவண்ணம்?

பதில்: ஒருவருடையது என்று சொல்ல முடியாது, மீன்பிடிப் படகுகளும், கப்பல்களுக்கு வழிகாட்டிகளை ஏற்றிச் செல்லும் பைலட் படகுகளும் நெடுங்காலமாக இப்படித்தான் கட்டப்பட்டன. ஆனால் நார்வேயின் காலின் ஆர்ச்சர் பெயரைத் தவிர்க்கவே முடியாது. குளிர்காலப் புயலில் மீனவர்களை மீட்பதற்காக அவர் வடிவமைத்து 1893இல் கடலில் இறங்கிய படகு, முன்னும் பின்னும் கூராக, கனமாக, எந்த அலையையும் தாங்கும்படி இருந்தது. அதே மரபில் அமெரிக்கரான வில்லியம் ஆட்கின் 32 அடியில் ‘எரிக்’ என்ற வடிவத்தை வரைந்தார். அதைத் தழுவி பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘சுஹைலி’யில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்தார். அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

கேள்வி: சுக்கானிலிருந்து கையை எடுத்தாலும் நேராகப் போகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மை, இந்தப் படகின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதல் காரணமும் அதுவே. பக்கவாட்டுப் பரப்பு முன்னும் பின்னுமாக நீண்டு பரவியிருப்பதால், ஓர் அலை முனையைத் தள்ளினாலும் கீல் முழுவதும் நீரைப் பக்கவாட்டில் ஒதுக்கினால்தான் படகு திரும்ப முடியும். ஆகவே அது மெதுவாகத் திரும்புகிறது, பாய்களைச் சரியாகக் கட்டியிருந்தால் தானே பழைய திசைக்கும் வருகிறது. சுஹைலியின் தானியங்கிச் சுக்கான் கருவி பாதி வழியிலேயே உடைந்துபோன பிறகும், பாய்களின் சமநிலையை வைத்தே மீதித் தொலைவைக் கடக்க முடிந்தது. ஆனால் காற்று நேர் பின்னாலிருந்து வரும்போது இந்தக் குணத்தை நம்பியிருக்க வேண்டாம். அப்போது கையோ கருவியோ கட்டாயம் தேவை.

இதன் முழுப் பயனைப் புயலில் படகை நிறுத்திவைக்கும்போது காணலாம். சிறிய முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, பெரிய பாயைச் சுருக்கி, சுக்கான் கைப்பிடியைக் காற்று போகும் பக்கமாகக் கட்டிவிட்டால், படகு காற்றுக்கு ஏறத்தாழ 45 முதல் 60 பாகை கோணத்தில் நின்று மெல்ல ஒதுங்கிக்கொண்டிருக்கும். அந்த அகலமான கீல் ஒதுங்கும்போது காற்று வரும் பக்கத்தில் நீர் கலங்கி வழவழப்பான ஒரு பட்டை உண்டாகி, உடையப்போகும் அலைகள் அதில் ஓரளவு அடங்கும். களைத்துப்போன மாலுமி கீழே போய்ச் சூடாக எதையாவது குடித்துவிட்டுப் படுக்கலாம்.

கேள்வி: மெதுவான படகு என்பது சரிதானா?

பதில்: மெல்லிய காற்றில் சரி. நீரில் நனையும் பரப்பு அதிகம் என்பதால் உராய்வும் அதிகம். காற்றை எதிர்த்து ஏறும்போதும் குறுகிய ஆழமான கீல் தரும் தூக்குவிசை இதற்குக் கிடைக்காது. பக்கவாட்டில் கூடுதலாக வழுக்கும். காற்று வலுத்தால் கனமான படகுகளுக்கிடையே வேறுபாடு சுருங்கிவிடும், ஏனென்றால் அப்போது வேகத்தைத் தடுப்பது படகு தானே எழுப்பும் அலை: நீர்க்கோட்டு நீளம் 25 அடி என்றால் எல்லை சுமார் 6.7 நாட் (மணிக்கு 6.7 கடல் மைல்).

கேள்வி: துறைமுகத்துக்குள் பின்னோக்கி ஓட்டும்போது சுக்கானே பிடிப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: உந்தி, அதாவது எஞ்சின் சுழற்றும் விசிறி, கீலுக்கும் சுக்கானுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சுழல்கிறது. முன்னோக்கிப் போகும்போது அதன் நீரோட்டம் சுக்கான் மீது பாய்கிறது. பின்னோக்கி ஓட்டினால் அந்த நீரோட்டம் முன்பக்கமாகப் போய்விடுவதால், படகு வேகம் பிடிக்கும்வரை சுக்கானுக்கு வேலையில்லை. முன்னோக்கிப் போகும்போது வலப்புறம் சுழலும் உந்தியானால், பின்னோக்கி ஓட்டுகையில் பின்முனை இடப்பக்கம் இழுக்கப்படும். இதையே சாதகமாக்கிக்கொள்ளுங்கள்: படகு வலப்பக்கம் திரும்பும்படி சுக்கானை முழுவதும் திருப்பி அப்படியே வைத்துவிட்டு, முன்னோக்கி ஒரு குறுகிய அழுத்தம், உடனே பின்னோக்கி ஓர் அழுத்தம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஏறக்குறைய நின்ற இடத்திலேயே வலமாகச் சுற்றும். இடமாகச் சுற்ற முயன்று மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: இந்தப் படகு கவிழாது என்று நம்பலாமா?

பதில்: எந்தப் படகைப் பற்றியும் அப்படி நம்பக் கூடாது. சுஹைலியின் வடிவிலேயே கோவாவில் கட்டப்பட்ட ‘துரியா’, 2018இல் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் புரட்டப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. அதைத் தனியாக ஓட்டிச் சென்ற இந்திய மாலுமி அபிலாஷ் டோமிக்கு முதுகில் கடுமையான காயம். அகலம் குறைந்து எடை தாழ்வாக உள்ள படகு கவிழ்ந்தாலும் விரைவில் நிமிரும் என்பதே உறுதியாகச் சொல்லக்கூடியது.

கேள்வி: பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்க நினைக்கிறேன். எதைப் பார்ப்பது?

பதில்: கரையேற்றியபின் கீலின் அடிவிளிம்பை முன்னிருந்து பின்வரை விரலால் தடவிப் பாருங்கள், சிறு சுத்தியலால் தட்டியும் கேளுங்கள். கீலின் எடை ஃபைபருக்கு உள்ளேயே அடைக்கப்பட்ட படகில் கீல் போல்ட் கவலை இல்லை. ஆனால் பாறையில் இடித்த இடத்தில் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்து ஊதி ஃபைபரைப் பிளக்கும். கரையேற்றிப் பல நாள் ஆகியும் ஓரிடம் கசிந்துகொண்டேயிருந்தால் அங்கே திறந்து பார்க்காமல் விலை பேச வேண்டாம். சுக்கானின் அடியில் கீலோடு இணையும் உலோகத் தாங்கியையும் கையால் ஆட்டிப் பாருங்கள். அதன் தேய்மானம் படகு நீரில் இருக்கும்போது கண்ணில் படாது.