கறுப்பாக வாங்கினேன், சாம்பலாக நிற்கிறது: டூடுல் முடி நிறம், கேள்வி பதில்

பூடில் நாய்களுக்கும், பூடிலோடு வேறு இனம் கலந்த டூடுல் நாய்களுக்கும் முடி வெட்டிவிடுவதுதான் என் பிழைப்பு. நிறம் பற்றி வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்.

எட்டு வாரத்தில் கரிக்கட்டை மாதிரி இருந்த லாப்ரடூடுலுக்கு ஒன்றரை வயதில் முகமும் பாதமும் வெள்ளியாகிவிட்டது. நோயா, இல்லை விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

நோய் இல்லை. பூடில் பக்கத்திலிருந்து வரும் நரைக்கிற மரபணுதான் இது. அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், வேலையைக் காட்டிவிடும். சில்வர் பூடிலே பிறக்கும்போது கறுப்புதான். ஆறு வார வாக்கில் முகத்தையும் பாதத்தையும் சிரைத்தால் அடியில் வெள்ளி எட்டிப்பார்க்கும், உடம்பு முழுக்க மாறி முடிய ரெண்டு வருஷம் ஆகிவிடும். அந்த அளவுக்குப் போகாமல் பாதியில் நின்று, வெயிலில் பார்த்தால் நீலச் சாம்பலாகத் தெரிவதைத்தான் ப்ளூ என்கிறார்கள். சாக்லேட் நாய்க்கும் இதே கதைதான், அது பால் அதிகம் விட்ட காபி நிறத்துக்கு இறங்கும். விற்றவர் ஏமாற்றினாரா என்றால், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தாயும் தகப்பனும் மூன்று வயதில் எப்படி இருந்தன என்று காட்டியிருக்க வேண்டும், அதைச் செய்யாதது தப்புதான்.

சிவப்பு கோல்டன்டூடுல் (கோல்டன் ரெட்ரீவர், பூடில் கலப்பு) என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கினோம். இப்போது பிஸ்கட் நிறம்.

கிரீம், ஏப்ரிகாட் (வெளிர் ஆரஞ்சு), சிவப்பு மூன்றும் ஒரே குடும்பம். இவற்றின் முடியில் கறுப்பு நிறமி உருவாகாது, சிவப்பு நிறமி மட்டும்தான். அது எவ்வளவு அடர்த்தி என்பதைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதனால் வயது ஏற ஏற வெளுப்பது சகஜம். காதில் மட்டும் பழைய நிறம் தங்கியிருக்கும், பாருங்கள். 1989இல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய் அமைப்பில் இருந்த வாலி கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தது நிறத்துக்காக இல்லை, நாய் முடி ஒத்துக்கொள்ளாத ஒருவர் வீட்டுக்கு வழிகாட்டி நாய் வேண்டும் என்றுதான். நிறத்துக்குத் தனி விலை வைப்பதெல்லாம் வியாபாரம். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

கறுப்பு முடி நுனியில் துருப்பிடித்த மாதிரி செம்பட்டை. தயிர்சோறும் முட்டையும்தான் கொடுக்கிறோம்.

முடியை விலக்கி வேரைப் பாருங்கள். வேர் கறுப்பு, நுனி மட்டும் செம்பட்டை என்றால் பெரும்பாலும் வெயிலின் வேலை, வெட்டிவிட்டால் போச்சு. புதிதாக வளர்வதே செம்மையாக இருந்தால் சாப்பாட்டை யோசிக்க வேண்டும்: கறுப்பு நிறமிக்கு டைரோசின், ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலங்கள் தேவை, புரதம் போதாவிட்டால் கறுப்பு மங்கும். சோறு அதிகமாகவும் முட்டை பேருக்கும் இருந்தால் போதாது. டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். அப்புறம், வெளிர் நிற நாய்களின் வாயோரத்திலும் பாதத்திலும் வரும் செம்பழுப்பு வேறு சமாச்சாரம், அது எச்சில் கறை. பாதத்தை ஓயாமல் நக்கினால் அரிப்பு இருக்கிறதா என்று காட்டுங்கள்.

மொட்டை அடித்தபின் நிறமே மாறிவிட்டது, மிஷின் போட்டதாலா?

இல்லை. குட்டி முடியின் நுனி போய், அடியில் ஏற்கெனவே வந்திருந்த நிறம் வெளியே தெரிகிறது. இதற்காக நான் வாரத்துக்கு ஒருமுறை திட்டு வாங்குகிறேன்.

வெள்ளைத் திட்டுள்ள பார்ட்டி குட்டி. வெள்ளையில் புள்ளி விழுகிறதே?

இதற்கு டிக்கிங் என்று பெயர். பிறக்கும்போது தெரியாது, வாரங்கள் போகப் போக எழும்பும். கழுவினால் போகாது!

என்னிடம் மெர்ல் (அடர் நிறம் திட்டுத்திட்டாக வெளிறியது) ஆஸிடூடுல் (ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், பூடில் கலப்பு) பெண் இருக்கிறது. இன்னொரு மெர்லோடு சேர்த்தால் அழகான குட்டிகள் வருமா?

தயவுசெய்து வேண்டாம். இரண்டு மெர்ல் சேர்ந்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி இரு பக்கமிருந்தும் அந்த மரபணுவை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும், செவிடாகவோ கண் குறையோடோ இருக்கும் ஆபத்து மிக அதிகம். இதில் இன்னொரு கண்ணி: கிரீம், ஏப்ரிகாட் நாயின் உடம்பில் மெர்ல் இருந்தாலும் வெளியே தெரியாது, காரணம் மெர்ல் கலைத்துப்போடுவது கறுப்பு, பழுப்பு நிறமியைத்தான். ஆகவே ஜோடி வெளிர் நிறம் என்று நம்பி இறங்காதீர்கள், கன்னத்தில் பஞ்சுக்குச்சி தேய்த்து எடுக்கும் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள்.

ஏப்ரிகாட் நிறம், ஆனால் மூக்கு ஈரல் நிறம். ரத்தச்சோகையா?

பிறந்ததிலிருந்தே அப்படியென்றால் இல்லை. முடியில் தெரியாவிட்டாலும் அது மரபில் பழுப்பு நாய். மூக்கு, உதடு, கண்ணோரம் எல்லாம் பழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்பு மூக்கு குளிர்காலத்தில் நடுவில் மட்டும் வெளிறி, வெயில் வந்ததும் திரும்பினால் அதற்கும் பயப்பட வேண்டாம்.

குட்டியின் படம் அனுப்பினால் என்ன நிறமாகும் என்று சொல்வீர்களா?

ரிப்பன் கட்டிய படம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், கண்ணுக்குக் கீழேயும் கால்விரல் இடுக்கிலும் முதுகிலும் முடியை வேர்வரை விலக்கிப் பிடித்து மூன்று படம் எடுங்கள். தாய் தகப்பன் படமும் சேர்த்து அனுப்புங்கள், ஊகம்தான் சொல்வேன்.