இரண்டாம் உலகப் போருக்கு வெர்செய்ல்ஸ் மட்டுமா காரணம்?

கேள்வி: ஜெர்மனியை அவமானப்படுத்திய வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையே இரண்டாம் உலகப் போருக்கு வித்திட்டது என்று பள்ளியில் படித்தோம். இது எந்த அளவுக்கு உண்மை? இக்காலகட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?
- முதுகலை வரலாற்று மாணவி, திருநெல்வேலி

பதில்: பாதி உண்மை. முதல் உலகப் போரின் பொறுப்பை ஜெர்மனி மீது சுமத்திய, அந்த உடன்படிக்கையின் 231ஆம் பிரிவும், 1921இல் விதிக்கப்பட்ட 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடும் அந்நாட்டு மக்களிடம் ஆறாத கசப்பை ஏற்படுத்தின என்பதில் ஐயமில்லை. ஆனால் 1924இல் தவணைகள் தளர்த்தப்பட்டன. 1926இல், நாடுகளிடையே அமைதி காக்க அமைக்கப்பட்ட பன்னாட்டுச் சங்கத்தில் (League of Nations) ஜெர்மனி உறுப்பினரானது. 1932இல் லோசான் மாநாடு இழப்பீட்டுக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளியே வைத்துவிட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது அதற்கும் பிறகு, 1933 ஜனவரியில்தான். எனவே உடன்படிக்கையின் கடுமையைவிட, எஞ்சியிருந்த அமைதியைக் காக்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையே நான் முதன்மையாகக் கேட்பேன்.

அதற்குத் தெளிவான சான்று எத்தியோப்பியா. 1935 அக்டோபரில் முசோலினியின் படைகள் அந்நாட்டுக்குள் நுழைந்தபோது, சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் டாங்கிகளும் விமானங்களும் இயங்கத் தேவையான எண்ணெயைத் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இத்தாலியத் துருப்புகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு சூயஸ் கால்வாயும் திறந்தே இருந்தது. ஹிட்லருக்கு எதிராக இத்தாலியின் துணை வேண்டும் என்று பிரிட்டனும் பிரான்சும் எண்ணியதே இந்த அரைமனதுக்கு முக்கியக் காரணம். (அமெரிக்கா சங்கத்தில் சேராததால் அதன் எண்ணெயைத் தடுக்க முடியாது என்ற வாதமும் இருந்தது, அது வசதியான சாக்காகவும் பயன்பட்டது.) அந்த டிசம்பரில் எத்தியோப்பியாவின் பெரும்பகுதியை இத்தாலிக்கே விட்டுக்கொடுக்க பிரிட்டனின் ஹோரும் பிரான்சின் லாவாலும் வகுத்த ஹோர்-லாவால் திட்டம் பாரிஸ் பத்திரிகைகளில் கசிந்ததும், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோர் பதவி விலக நேர்ந்தது. இந்தக் குழப்பத்துக்கிடையே, 1936 மார்ச் 7 அன்று, வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைப்படி ஜெர்மன் படைகள் இருக்கக் கூடாத ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படைகளை அனுப்பினார், தடுப்பார் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் தடைகள் விலக்கப்பட்டன. இத்தாலியோ அக்டோபரில் ஜெர்மனியுடன் கைகோத்தது. யாருடைய துணைக்காகச் சங்கத்தின் மானத்தை அடகு வைத்தார்களோ, அந்தத் துணையும் கிட்டவில்லை.

ஆகவே 1935 அக்டோபர் முதல் 1936 அக்டோபர் வரையிலான ஓராண்டிலிருந்து தொடங்குங்கள். 1939இல் நடக்கப்போவதை மறந்துவிட்டு, ஒவ்வொரு முடிவும் எடுக்கப்பட்ட நாளில் அமைச்சர்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எதற்கு அஞ்சினார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பிரிட்டிஷ் அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகளும், ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுச் சங்க ஆவணங்களும் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன.