அது பிடிவாதம் அல்ல

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதியிருக்கும் தாய்க்கு,

முள்ளந்தண்டுப் பிளவுடன், அதாவது முதுகெலும்பு முழுதாக மூடாத பிறவிக் குறைபாட்டுடன், பிறந்த உங்கள் பத்து வயது மகள், "நான் இல்லாவிட்டால் நீங்கள் எல்லாரும் நிம்மதியாக இருப்பீர்கள்" என்று இரண்டு தடவை சொன்னதையும், வீட்டார் அதைப் பிடிவாதம் என்று ஏசியதையும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அது பிடிவாதம் அல்ல. தன்னைச் சுமையாக எண்ணத் தொடங்கிய பிள்ளை, பாடசாலைக்கும் விளையாட்டுக்கும் போக மறுத்தால், தாமதிக்காமல் முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநல வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பயிருக்கு அடிக்கும் மருந்தையும் பூட்டி வையுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவளிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இரவில் பயம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

பாமசியில் கேட்டு வாங்கி, இரண்டு இரவுகள் அவளுக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை இனிமேல் கொடுக்காதீர்கள். பிள்ளையின் துயரத்தை மயக்கத்தால் மூடுவது ஆபத்து. இதை எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் போதாது. காணொளியில் கண்ட எண்ணெயும் அவளுடைய கால் நரம்புகளைச் சீராக்காது.

கர்ப்பமாக இருந்தபோது நீங்கள் கிரகணத்தன்று வெளியே போனதோ, தண்ணீர்க் குடம் தூக்கியதோ இந்தப் பிளவுக்குக் காரணம் அல்ல. கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள், பல பெண்கள் தாம் கர்ப்பம் என்று அறியும் முன்பே, மூடவேண்டிய நரம்புக் குழாய் (பின்னர் மூளையும் முண்ணாணுமாக வளரும் கருவின் பகுதி) மூடாமல் போவதால் வருவது இது. அடுத்த குழந்தை வேண்டுமானால், இது மீண்டும் வரும் வாய்ப்பைக் குறைக்க, கருத்தரிக்கும் முன்பே 5 மில்லிகிராம் போலிக் அமிலம் தொடங்குவது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

வகுப்பில் சிறுநீர் கசிந்து மற்றப் பிள்ளைகள் சிரித்ததை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என் கணிப்பில் அவளை வீட்டுக்குள் முடக்கியது கால்களின் குறையைவிட அந்த வெட்கம்தான். குறித்த மணித்தியாலங்களுக்கு ஒருமுறை கதீற்றர் எனும் மெல்லிய குழாய் மூலம் சிறுநீரைத் தானே வெளியேற்றப் பத்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் கற்றுக்கொள்ளும். கிளினிக் தாதியிடம் பழக்கச் சொல்லுங்கள். பாடசாலையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறையும், கேட்காமலே எழுந்து போக ஆசிரியரின் அனுமதியும் வேண்டும். அதிபரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.

இத்தகைய பிள்ளைகளின் மனத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குறைபாட்டின் கடுமையைவிட, வீட்டார் அதை எப்படி ஏற்கிறார்கள் என்பதே. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லோரும் போக, அவளை மட்டும் பாட்டியோடு விட்டுச் சென்றதை அவள் தனக்குரிய தீர்ப்பாக எடுத்திருப்பாள். அடுத்த முறை கூட்டிப் போங்கள். கடிதம் முழுவதிலும் உங்கள் கணவர் பேசியதாக ஒரு சொல் இல்லை. வைத்தியசாலைக்குப் போகும் நாளில் அவரும் அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கூட வரவேண்டும்.