வெளிநாட்டில் ஊழியம் செய்யும் மோர்மன் இளைஞர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்களைத்தான் மோர்மன்கள் என்கிறார்கள். அவர்களின் இளைஞர்கள் மதத்தைப் பரப்பப் போவதுதான் இந்த ஊழியம். நான் மோர்மன் இல்லை. ஆனால் ஜப்பானின் சப்போரோ நகரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தபோது, 2018-19 குளிர்காலம் முழுவதும் என் அறைக்கு நேர் மேல்மாடியில் அப்படி இரண்டு பையன்கள் குடியிருந்தார்கள். ஒருவன் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்காரன், வயது 19. மற்றவன் ஜப்பானியன். அவர்களோடு பழகியதை வைத்தே சொல்கிறேன்.

காலை 6:30-க்கு எழுந்துவிட வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. பனி கொட்டிய நாள்களில் எங்கள் கட்டட வாசலில் பனியைத் தள்ளுவதையே உடற்பயிற்சியாக வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பழக்கமானதே அந்த மண்வெட்டிச் சத்தத்தில்தான். பிறகு வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையுடன் கிளம்பினால் இரவு ஒன்பது மணிவாக்கில்தான் திரும்புவார்கள். 10:30-க்கு விளக்கணைத்துவிடுவார்கள். ஆண்களுக்கு இப்படி இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். சம்பளம் கிடையாது. ஐடஹோ பையன் பள்ளி நாள்களிலேயே பண்ணையில் வேலை செய்து சேர்த்த பணத்திலிருந்து மாதம் 400 டாலர் கட்டிவந்தான்.

வீடு வீடாகப் போவதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஜப்பானில் யாரும் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவதில்லை. இன்டர்காமிலேயே "கெக்கோ தெசு" என்று பணிவாகச் சொல்லிவிடுவார்கள். வேண்டாம் என்று பொருள். அந்தப் பணிவுதான் தாங்கவில்லை என்றான் அவன். கதவைத் திறந்து திட்டினாலும் ஒரு மனித முகத்தைப் பார்த்த மாதிரி இருக்குமாம்.

இதைவிடக் கடினமானது தனிமையே கிடைக்காமல் இருப்பது என்று எனக்குத் தோன்றியது. கூட்டாளியை விட்டுப் பிரியக் கூடாது. தூக்கமும் ஒரே அறையில். அந்தக் கூட்டாளியையும் அவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்ற அறிவிப்பு வரும். யார் போவார், யார் இருப்பார் என்று அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் இருவருக்கும் ஏதோ சண்டை. இரண்டு நாள் பேச்சில்லை. ஆனாலும் காலையில் ஒன்றாகவே படியிறங்கினார்கள், ஒன்றாகவே ஏறினார்கள். பத்தொன்பது வயதில் என்னால் அது முடிந்திருக்காது.

சொந்தப் பெயரும் புழக்கத்தில் இருக்காது. 'எல்டர்' என்ற சொல்லோடு குடும்பப் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், கூட்டாளிக்குள்ளேயும் அப்படித்தான். நம் ஊரில் மாலை போட்டவரை 'சாமி' என்றே கூப்பிடுகிறோமே, அதுபோல. நமக்கு அது ஒரு மண்டலம், இவர்களுக்கு இரண்டு வருடம். ஒரு ஞாயிறு இரவு சாம்பார் சாதம் போட்டபோது இதைச் சொன்னேன். கறுப்பு வேட்டி, வெறுங்கால், இருமுடி என்று நான் விவரித்த எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஐடஹோ பையன் கேட்ட முதல் கேள்வி: "அந்த நாள்களில் வீட்டாரோடு பேசலாமா?"

அப்போது அவர்களுக்கு அந்த அனுமதி ஆண்டுக்கு இரண்டே நாள்தான்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். எனக்கு ஒப்பாத விதி அது. அவனிடம் சொல்லவும் செய்தேன். மனம் சிதறாமல் இருக்கத்தான் என்றான். சொல்லும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரிலிருந்து வந்த பொடியில் ஃபில்டர் காபி போட்டு வைத்திருந்தேன். காபி, தேயிலை இரண்டுமே அவர்கள் சபை விதிப்படி ஆகாது என்பது எனக்குத் தெரியாது. விருந்தாளிக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்குத் தவிப்பு. ஜப்பானியப் பையன்தான் 'முகிச்சா' கேட்டான். வறுத்த பார்லியை ஊறவைத்த நீர் அது, தேயிலை இல்லை. அதன் பிறகு என் அறையில் அந்தப் பொட்டலம் தீர்ந்ததே இல்லை. ஜெபம் செய்யலாமா என்று ஒரு முறை கேட்டார்கள். எனக்கு என் சாமி இருக்கிறது என்றேன். பிறகு வற்புறுத்தியதே இல்லை.

2019 பிப்ரவரி நடுவில் சபை விதியை மாற்றியது. வாரந்தோறும் வீட்டுக்குப் பேசலாம். திங்கட்கிழமைதான் அவர்களுக்குத் துணி துவைக்க, கடைக்குப் போகக் கிடைக்கும் நாள். சப்போரோவில் திங்கள் காலை என்றால் ஐடஹோவில் ஞாயிறு மாலை. அவன் தன் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே என் அறைக்கு வந்தான். சாப்பாடு போடுகிற இந்தியரைப் பார்க்க வேண்டும் என்றாராம். நன்றி சொன்ன கையோடு அந்த அம்மா, "ஈர ஷூவோடுதான் சுற்றுகிறானா? உண்மையைச் சொல்லுங்கள்" என்றார். பதில் சொல்லாமல் போனை வாங்கி வாசல் பக்கம் திருப்பிக் காட்டினேன். என் ஹீட்டர் அருகே இரண்டு ஜோடி ஷூக்கள், உள்ளே செய்தித்தாள் திணித்து, காய்ந்துகொண்டிருந்தன.