பழைய சுவிட்ச் போர்டும் புது வாஷிங் மெஷினும்

சாரல் தொடங்கிவிட்டாலே தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வீட்டு வயரிங் பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. இந்த முறை நான்கு கேள்விகள். முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன், அது அவசரம்.

கேள்வி: மாமனார் காலத்து ஓட்டு வீடு. மரப்பலகையில் கறுப்பு வட்ட சுவிட்சுகள், பீங்கான் பியூஸ். சாரல் அடிக்கும் நாட்களில் சமையலறைச் சுவரைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. போன மாதம் வாஷிங் மெஷின் வேறு வாங்கியிருக்கிறோம். "அந்தக் காலத்துச் சாமான் உறுதி, கை வைக்காதே" என்கிறார் மாமா. சுவிட்சை மட்டும் மாற்றினால் போதுமா?
*வாசகி, செங்கோட்டை*

பதில்: அம்மா, சுவிட்ச் இருக்கட்டும், ஷாக் அடிக்கிற சுவரை முதலில் கவனியுங்கள். மெயினை அணைத்துவிட்டு சமையலறைக்குப் போகும் பியூஸை (இரண்டு இருந்தால் இரண்டையும்) கழற்றி வைத்துவிடுங்கள், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் மின்சாரமே வேண்டாம், குழந்தைகளையும் அண்டவிடாதீர்கள். எங்கோ வயரின் மேலுறை விட்டுப்போய், ஈரம் ஊறிய சுவர் வழியாக மின்சாரம் கசிகிறது. இன்றைக்குச் சுருக்கென்று போவது, வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்கும்போது அதோடு நிற்கும் என்று நம்ப முடியாது.

மாமா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பழைய சுவிட்சுகளில் பித்தளை கனமாகத்தான் இருக்கும். ஆனால் பலகைக்குப் பின்னால் ஓடும் வயர் அப்படியே இருக்காதே. ரப்பரும் துணியும் சுற்றிய அந்தக் கால வயரின் உறை காய்ந்து, லேசாக வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும். அலுமினியக் கம்பியாக இருந்தால் இன்னொரு தொல்லை, சூடாகி ஆறி சூடாகி ஆறி ஸ்க்ரூவுக்கு அடியில் லூஸாகிவிடும், அந்த இடம்தான் கருகத் தொடங்கும். அந்த வீட்டுக்கு வயர் இழுத்தபோது நாலு பல்பு, ஒரு பேன், ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்டிருப்பார்கள். இன்றைக்கு அதே வயரில் பிரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், இப்போது வாஷிங் மெஷினும்.

பியூஸ்தான் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது வயர் சூடேறி எரிந்துவிடாமல் இருக்கப் போட்டது. 5 ஆம்பியர் பியூஸ் உருக 5 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓட வேண்டும், ஆனால் மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் பாய்ந்தாலே மூச்சுத் தசைகள் இறுகிவிடலாம், அதற்குச் சற்று மேலே போனால் இதயத் துடிப்பே தடுமாறும். ஒருவர் உயிர் போகிற அளவு மின்சாரம் போனாலும் அந்தப் பியூஸுக்குத் தெரியவே தெரியாது. புதிதாக எம்சிபி (பியூஸுக்குப் பதிலாக வரும், தானாக அணையும் சுவிட்ச்) மாட்டியவர்களும் இதே நம்பிக்கையில் இருக்கிறார்கள். எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஆளைக் காப்பாற்றுவதற்கு ஆர்சிசிபி என்று தனியாக இருக்கிறது. பேஸில், அதாவது மின்சாரம் வரும் கம்பியில், போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் என்னும் திரும்பும் கம்பியில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், குறைந்தால் ஒரு நொடிக்குள் மொத்தத்தையும் அணைத்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள், அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பழைய போர்டுகளில் பேஸுக்கு ஒரு பியூஸ், நியூட்ரலுக்கு ஒரு பியூஸ் என்று இரண்டு இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பீர்கள், அங்கே 230 வோல்ட் அப்படியே இருக்கும். இதை முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள்.

பணம் ஒரேயடியாகப் புரளாது என்பது தெரியும். அதனால் வரிசையைச் சொல்கிறேன்: முதலில் எர்த் குழியும் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவது) ஆர்சிசிபியும், அடுத்து சமையலறை, குளியலறை வயர், பிறகு மற்ற அறைகள், கடைசியில் அழகான சுவிட்ச். குடிநீர்க் குழாயில் எர்த் கட்டியிருந்தால் அதை நம்பாதீர்கள், நடுவில் எங்காவது பிளாஸ்டிக் பைப் மாற்றியிருப்பார்கள். வேலைக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, மெக்கர் (வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை.

கேள்வி: எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். குளிருக்கு ஹீட்டர் ராடு இல்லாமல் முடியாது. டூ பின் அடாப்டரில் செருகி, அலுமினிய வாளியில் போடுகிறோம். சரிதானா?
*வாசகர், மூணாறு*

பதில்: வேண்டாம். 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும், லைட் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. அதைவிட மோசம், டூ பின் அடாப்டர் போட்டவுடன் எர்த் அறுந்துவிடுகிறது. பிளக்கில் மூன்றாவது பின் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதே, செருகும்போது அது முதலில் தொட்டுக் கடைசியில் விடுபட வேண்டும் என்பதற்காகத்தான். ராடின் உறையில் ஒரு விரிசல் விழுந்தால் தண்ணீர், வாளி எல்லாமே ஷாக் அடிக்கும். பிளாஸ்டிக் வாளிக்கு மாறுங்கள், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். லயத்து வயரிங் கம்பெனிப் பொறுப்பு என்றால் எர்த்தோடு கூடிய 16 ஆம்பியர் பாயிண்ட் கேட்டு, வரிசையில் உள்ள எல்லா வீட்டாரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஒருத்தர் தனியாகக் கேட்டால் தள்ளிப்போடுவது சுலபம்.

கேள்வி: அடிக்கடி பியூஸ் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டார், இப்போது போவதே இல்லை. அப்படியே விடலாமா?
*வாசகர், கம்பம்*

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அண்ணன் நல்ல மனதோடுதான் செய்திருப்பார், ஆனால் இனி பியூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும். பியூஸ் அடிக்கடி போனது ஏன் என்று யாரும் தேடவில்லையே. எந்தச் சாமானைப் போடும்போது போகிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: ஆர்சிசிபி போட்டோம். மழை வந்தால் ட்ரிப் ஆகிறது. "பைபாஸ் செய்துவிடட்டுமா" என்கிறார் எலக்ட்ரீஷியன்.
*வாசகி, கொழிஞ்சாம்பாறை*

பதில்: கூடவே கூடாது அக்கா, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. எம்சிபிகளை எல்லாம் அணைத்துவிட்டு ஆர்சிசிபியைப் போடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதில் ட்ரிப் ஆகிறதோ அந்த லைனில்தான் கசிவு. மழையில் மட்டும் என்றால் வாசல் விளக்கு, மொட்டைமாடி லைட், கிணற்று மோட்டாரின் வயர் ஜாயிண்ட், இவற்றில்தான் முதலில் தேட வேண்டும். எல்லா எம்சிபியும் அணைந்த பிறகும் ட்ரிப் ஆனால், நியூட்ரல் எங்கோ எர்த்தையோ ஈரச் சுவரையோ தொடுகிறது என்று சந்தேகப்படுங்கள், பழைய வயரிங்கில் இது சாதாரணம். பைபாஸ்தான் வழி என்று அவர் திரும்பவும் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.